உன் பேஸ் கிட்டாரைத் திருகியது யார்

மகளே,

நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. ஜெபசிங் வீட்டார் பெண் கேட்டு வரலாமா, வேண்டாமா. கேட்டுவிட்டு, திரும்பி வருவதற்குள் பதில் வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, நீ வேலை பார்க்கிற கல்லூரியில் அனுப்பிய பயிற்சி வகுப்புக்கு நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டாய். ஒரு லாரி மரம் வாங்குவதற்கே நான் இரண்டு மூன்று நடை போகிறவன். தட்டிப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், மரத்தைப் பார்ப்பதைவிட விற்கிறவன் முகத்தை அதிக நேரம் பார்ப்பேன். இருப்பது ஒரு பிள்ளை. அதைக் கொடுப்பதற்கு ஒரு வார்த்தை போதும் என்று நீ நினைக்கிறாய். நேரில் சொல்லலாம் என்றால், நான் பாதி சொல்லும்போதே நீ சிரிப்பாய். மீதியை உன் அம்மா சொல்லி முடித்துவிடுவாள். அதனால் கடையில் ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்து வாசி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவன்மேல் சந்தேகம். அவன் என்ன செய்தான் என்று கேட்காதே. எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் உண்டு. செங்கோட்டைச் சாலையில் ஒரு அறுவை மில்லில் தடி தூக்குகிற ஆளாகச் சேர்ந்து, பேட்டையில் சொந்தமாக மரக்கடை போட்டவன் நான். சொந்தமாக எடுத்த முதல் தேக்குத் தடியை இன்னும் மறக்கவில்லை. தட்டினால் மணி மாதிரி சத்தம். வெட்டு முகம் வழவழவென்று இருந்தது. அறுத்துப் பார்த்தால் நடுவில் பொந்து. மரத்தூளையும் பசையையும் குழைத்து அதை அடைத்து, அதன்மேல் மரத்தின் ரேகையையும் வரைந்து வைத்திருந்தான் ஒரு புண்ணியவான். ரேகை வரைகிற அளவுக்கு அவனுக்குப் பொறுமை இருந்திருக்கிறது. இன்னொரு தடவை வேங்கைத் தடிக்குள் ஓர் இரும்பு ஆணி. ரம்பப் பட்டை அறுந்து என் காதோரமாகப் பறந்தது. மரத்துக்குள் இரும்பு இருக்கிறது என்றால், அதை வைத்தவன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு ஒரு காரணமும் இருக்கிறது. மனிதர்களையும் நான் இப்படித்தான் பார்த்துப் பழகிவிட்டேன். நீ கோயம்புத்தூரில் படிக்கும்போது விடுதிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் முறுக்கு டப்பாவோடு வந்து நின்றேனே, அன்று நீ என்னை வாசலில் வைத்தே கேட்டாய்: “முறுக்கு குடுக்க வந்தியளா, வேவு பாக்க வந்தியளாப்பா?” நான், “ரெண்டுக்கும்தான்” என்றேன். நீ டப்பாவை வாங்கிக்கொண்டு, அறைப் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, “எங்கப்பா. வேவு பாக்க வந்திருக்காவ” என்று அறிமுகம் செய்துவைத்தாய். எனக்கு மானம் போயிற்று. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

அந்த பேஸ் கிட்டார் பெங்களூரிலிருந்து பார்சல் லாரியில் வந்த அன்று நல்ல மழை. பெட்டியின் ஒரு மூலை நனைந்திருந்தது. நீ அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தாய், நான் மூக்கை நீட்டினேன். மர வாசனை வரவில்லை, பாலிஷ் வாசனைதான் வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. பாலிஷ் எதற்குப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே போட்டு விற்றிருக்கிறேன். கிட்டாருக்கு ஆறு கம்பி என்பதுகூடத் தெரியாதவனில்லை நான். இதில் நாலுதான் இருந்தது, ஒவ்வொன்றும் கொடிக்கயிறு மொத்தத்தில். “ரெண்டு கம்பி கொறையுதே, கேட்டியா?” என்றேன். “பேஸ் கிட்டாருக்கு நாலுதான்ப்பா” என்றாய். “இது என்னத்துக்கு?” “மத்தவங்க வாசிக்கதுக்கு அடியில ஓடும். கேக்கவங்களுக்கு இது இருக்கதே தெரியாது. நிறுத்துனா மட்டுந்தான் தெரியும்.” இருப்பதே தெரியாத ஒரு சரக்கை மெனக்கெட்டு வாங்கியிருக்கிறாளே என்று நினைத்தேன். கழுத்தைப் பிடித்துத் தூக்கி, பலகையைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரமாகப் பார்த்தேன். வளைவு. தலை மேலே ஏறி, நடு பள்ளமாகக் கிடந்தது. கம்பிகள் பலகையை விட்டு எழும்பி நின்றன. நீ ஒன்றை அழுத்திவிட்டு விரலை உதறினாய். “பச்ச மரத்துல செஞ்சு ஏமாத்திட்டான். இன்னைக்கே திருப்பி அனுப்பு” என்றேன். “புதுசு எல்லாமே இப்படித்தான்ப்பா வரும். பொறவுதான் செட்டப் பண்ணணும். ஜெபசிங் வந்து பாத்துக்கிடுவான்” என்றாய். புதிதாக வருகிற சரக்கெல்லாம் கோணலாக வரும், அதைச் சரி செய்ய வீட்டுக்கு ஓர் ஆள் வருவான் என்கிற வியாபாரத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. அதைவிட, அந்தப் பெயரை நீ சொன்ன விதம். ஆலயப் பாடகர் குழுவில் இருக்கிற மற்ற எல்லார் பெயரையும் நீ வீட்டில் சத்தமாகத்தான் சொல்வாய். இதை மட்டும் கிட்டார் உறையைத் தடவிக்கொண்டே சொன்னாய்.

மறுநாள் சாயந்திரம் வந்தான். பகலில் பாளையங்கோட்டையில் ஒரு பிளக்ஸ் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் செய்கிறவன், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கிட்டார் வாசிக்கிறவன் என்று சொல்லியிருந்தாய். செத்தவனையும் சிரிக்க வைத்து முச்சந்தியில் நிறுத்துகிறவர்கள் பிளக்ஸ்காரர்கள். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். செருப்பை வாசலில் ஜோடியாக விட்டான். “வணக்கம் அண்ணாச்சி” என்றான். உன் கூட்டாளிகள் எல்லாரும் என்னை அங்கிள் என்பார்கள். இவன் மட்டும் கடைக்குக் கதவுச் சட்டம் வாங்க வந்தவன் மாதிரி அண்ணாச்சி என்கிறான். உன் அம்மா அடுக்களையிலிருந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஒங்களுக்குத் தம்பி ஆயிட்டான். பொறவு என்ன பயம்?” என்றாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு. நான் பேப்பரை விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ பத்தமடைப் பாயை எடுத்து விரித்தாய். உன் சித்தி சித்தப்பா வந்தால்கூட அந்தப் பாய் பரணிலிருந்து இறங்காது.

அவன் கிட்டாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரமாகப் பார்த்தான். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பார்வை எங்கள் தொழிலுடையது. “வளைஞ்சிருக்கு” என்றான். “அதத்தான் நேத்தைக்கே சொன்னேன்” என்றேன், பேப்பருக்குப் பின்னாலிருந்து. கம்பியை மேல் கோடியில் ஒரு விரலாலும் கீழ்க் கோடியில் ஒரு விரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “அட்டை ஏதாச்சும் கெடைக்குமா அண்ணாச்சி? விசிட்டிங் கார்டு மாதிரி” என்றான். சட்டைப் பையிலிருந்து என் கடை அட்டையைக் கொடுத்தேன். நடுவில் கம்பிக்கும், கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோக வரிக்கும் இடையில் அதை நுழைத்தான். என் கடைப் பெயர் தாராளமாகப் போய்ப் போய் வந்தது. “கார்டு லேசா உரசணும். இதுல கத்தையாவே போவும் போலுக்கு” என்றான். பிறகு தலைப்பக்கம் ஒரு சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஓட்டையை எனக்குக் காட்டினான்.

“உள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது அண்ணாச்சி. இந்த நட்ட முறுக்குனா கழுத்து நிமிரும்.”

“மரத்துக்குள்ள இரும்பா? எவன் வச்சான்?”

“செஞ்சவங்களே வச்சதுதான்.”

“ஒழுங்கான மரம்னா அதுக்கு எதுக்குலே இரும்பு?”

“நாலு கம்பியும் சேந்து இழுக்குத இழுப்புக்கு எந்த மரமும் வளையத்தான் செய்யும். எதிர்த்து இழுக்கதுக்கு உள்ள ஒண்ணு வேணும்லா” என்றான். சரியான பதில்தான். சரியான பதில் தயாராக வைத்திருக்கிறவனிடம் நான் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன்.

ஆறு முகம் உள்ள சின்னச் சாவி ஒன்றை ஓட்டைக்குள் விட்டுக் கால் சுற்று திருகினான். சாவியை உருவிவிட்டு எழுந்துவிட்டான். “இன்னைக்கு இது போதும். மரம் பைய பைய எடுத்துக்கிடட்டும். நாளைக்கு வந்து பாக்கேன்” என்றான். நான் பேப்பரை மடித்தேன். ஒரு திருகைத் திருக ஒரு நாள் என்றால், இந்தக் கிட்டார் சரியாவதற்குள் அவன் நம் வீட்டு ரேஷன் அட்டையில் பேர் எழுதிவிடுவானே. அவன் போனதும் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டே, “பச்சப் பலகைய அடுக்கி வச்சு மாசக்கணக்கா காயப்போடுதிய. அதுல ஒரு அவசரமும் கெடையாது. அந்தப் பையன் ஒரு நாளு பொறுன்னா அது சந்தேகமாக்கும்” என்றாள். “பலக அடுக்கி வச்ச எடத்துல பொம்பளப் பிள்ள கெடையாதுலா” என்றேன். அவள் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரியும். மரத்தை அவசரப்படுத்தினால் வெடிக்கும் என்று தெரியாமலா இத்தனை காலம் கடை நடத்துகிறேன். அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்கு உறுத்தியது. பொய் சொல்லி வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்பலாம். சரியான காரணத்தோடு தினமும் வருகிறவனை என்ன செய்வது?

அதனால் சோதித்தேன். நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன். அடுத்த நாள் அவன் வந்தபோது, “இந்தக் கழுத்து ஈட்டி மரந்தானே?” என்றேன். அது ஈட்டி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாததைத் தெரிந்தது போல ஆமாம் போடுகிறவனா என்று பார்க்கத்தான் கேட்டேன். “எனக்கு மரம் தெரியாது அண்ணாச்சி. நீங்கதான் சொல்லணும்” என்றான். என்னைப் புகழ்ந்து குளிப்பாட்டுகிறான் என்று நினைத்தேன். அன்றும் கால் சுற்று திருகிவிட்டுப் போனான். உண்மையிலேயே திருகுகிறானா, சும்மா சாவியை விட்டு எடுக்கிறானா என்று பார்க்க, நீங்கள் இல்லாத நேரத்தில் மூடியைக் கழற்றி, கடைப் பென்சிலால் நட்டின்மேலும் பக்கத்து மரத்திலுமாகச் சேர்த்து ஒரு கோடு போட்டுவைத்தேன். நட்டு திரும்பினால் கோடு விலகும். தடி மாறிவிடாமல் இருக்க வெட்டு முகத்தில் குறி போடுகிற ஆள் நான். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அடுத்த சாயந்திரம் அவன் போன பிறகு பார்த்தேன். கோடு கொஞ்சம் விலகித்தான் இருந்தது. திருகியிருக்கிறான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? பழைய கோட்டை அழித்துப் புதிதாக ஒன்று போட்டேன்.

அதே சாயந்திரம் அவன் கம்பிகளின் அடிப்பக்கத்தில் இருந்த சின்னத் திருகுகளையும் பார்த்தான். கம்பியின் நடுவில் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து நீ ஒரு சத்தம் எழுப்பினாய். அதே இடத்தில் அழுத்தி இன்னொரு சத்தம். இரண்டும் ஒன்றாக வர வேண்டுமாம். அவன் சுருதி காட்டுகிற செல்போனை எட்டி எட்டிப் பார்த்து, “கொஞ்சம் பின்னால… இன்னுங் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே திருகினான். நீங்கள் இரண்டு பேரும் குனிந்து ஒரே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இரண்டு தடவை இருமினேன். முடிந்தது என்று சொல்லி, சாவியை உன் உறையின் பையிலேயே போட்டான். நான் கிட்டாரை வாங்கி ஓரமாகப் பார்த்தேன். இன்னும் ஒரு நூல் வளைவு இருந்தது. “நேராவலையே” என்றேன். “வேணும்னுதான் விட்டேன் அண்ணாச்சி. அடிச்ச கம்பி ஆடுததுக்கு எடம் வேணும். ஒரேயடியா நேரா வச்சா வரியில ஒரசி எரையும்.” எத்தனை வருஷமாக எத்தனை வீட்டுக்கு நிலையும் கதவும் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் வளைவாகவே கொடுங்கள் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. எனக்கு அப்போதே தெளிவாகிவிட்டது: வேண்டுமென்றே குறை வைத்துவிட்டுப் போகிறான், அதைச் சாக்காக வைத்துத் திரும்ப வருவதற்கு.

இப்போது நான் செய்ததைக் கேள். அடுத்த நாள் மத்தியானம் நீ கல்லூரியில். உன் அம்மா பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் சாப்பிட வந்தவன், சாப்பிடாமல் உன் கிட்டாரை எடுத்துக் கட்டிலில் கிடத்தினேன். சாவியை விட்டேன், திருகினேன். கழுத்தை ஓரமாகப் பார்த்தேன். இன்னும் திருகினேன். பலகை நிமிர்வதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அதற்காகக் கூடுதலாகவும் கொஞ்சம் திருகினேன். கழுத்து நிலைச்சட்டம் மாதிரி நின்றது. அவனுக்கு இனி இந்த வீட்டில் வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டு, கை கழுவித் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

அன்று சாயந்திரம் நீ வந்து, அதை மடியில் வைத்து முதல் கம்பியைத் தட்டியதும் என்ன சத்தம் வந்தது என்று உனக்கே தெரியும். தகரக் கூரையில் சரளை கொட்டின மாதிரி. எந்தக் கம்பியைத் தட்டினாலும் கரகரவென்று இரைந்தது. சீவலப்பேரிப் பக்கத்துச் சபையில், ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு உங்கள் குழு வாசிக்கப் போக இரண்டு நாள்தான் இருந்தது. நீ கம்பியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். போன் போட்டாய். அவன் வேலையிலிருந்து நேராக வந்தான், கையெல்லாம் அச்சு மை. மூடியைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். என் முகத்தையா, என் காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலையா என்று தெரியவில்லை. நான் பேப்பரை உயர்த்திக்கொண்டேன். நீ கேட்டாய்: “யாராச்சும் தொட்டிருப்பாங்களா?” அவன் சொன்னான்: “மழைல்லா. மரம் ஈரம் குடிச்சா இப்படி நவுரும்.” சொல்லிவிட்டு, நிதானமாக நட்டைத் தளர்த்த ஆரம்பித்தான்.

நான் மர வியாபாரி. ஈரத்தில் மரம் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். ஒரே நாளில் அந்த அளவுக்கு நகராது. அதுவும் நட்டு தானாகத் திரும்பாது. அவனுக்கும் அது தெரியும். அவன் ஒரு பொய்யைச் சொல்லி என்னைக் காப்பாற்றினான். வேறொருத்தன் என்றால் அங்கேயே கரைந்து, அவனுக்குப் பெண்ணைக் கொடுத்திருப்பான். எனக்கோ பயம்தான் வந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! கண் இமைக்கவில்லை, குரல் மாறவில்லை. என் கடையில் இப்படிப் பொய் சொல்கிற ஓர் ஆள் கிடைத்தால் கல்லாவில் உட்கார வைப்பேன். வீட்டுக்குள் விட மாட்டேன். எனக்காக உன்னிடம் பொய் சொன்னவன், நாளைக்குத் தனக்காக உன்னிடம் பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பொந்தை அடைத்து ரேகை வரைந்தவனும் இப்படித்தான் நிதானமான ஆளாக இருந்திருப்பான்.

அசனத்துக்கு நானும் வந்தேன். ஆலயத்துக்குப் பின்னால் பந்தல், அண்டா அண்டாவாகச் சோறு, மட்டன் குழம்பு. நீங்கள் முன்னால் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். உன் கிட்டார் சத்தம் எது என்று எனக்குப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. ஒரு பாட்டின் நடுவில் நீ கையை எடுத்தாய். பாட்டு காற்றில் தொங்கின மாதிரி ஆயிற்று. நீ மறுபடி தொடங்கியதும் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர், “யாரு அண்ணாச்சி அந்தப் பிள்ள?” என்று கேட்டார். “எம் மவதான்” என்றேன். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில்தான் நீ என் பக்கத்தில் வந்து நின்று, தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாய், அவன் வீட்டார் வரலாமா என்று. நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும்.

நீ நாகர்கோவில் போன பிறகு அவன் அச்சகத்துக்குப் போனேன். பெரிய இயந்திரம் ஒன்று அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி ஒரு கல்யாண போர்டை அச்சடித்துக்கொண்டிருந்தது. இவன் திரையில் யாரோ ஒரு பெரிய மனிதரின் கன்னத்துத் தழும்பை அழித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்தினான்.

“இருக்கட்டும். ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அன்னைக்கு அந்த நட்ட முறுக்குனது யாருன்னு ஒனக்குத் தெரியும்லா?”

“தெரியும் அண்ணாச்சி.”

“எப்படி?”

“உள்ள பென்சில் கோடு ரெண்டா விலகிக் கெடந்துச்சு. அந்த மாதிரி பட்டையான கோடு நோட்டுல எழுதுத பென்சில்ல வராது.”

“பொறவு எதுக்குலே மழைன்னு சொன்ன?”

“நீங்க அங்கனதான உக்காந்திருந்திய.”

“இருந்தா?”

“ஒங்க வீட்ல, ஒங்கள வச்சிக்கிட்டு, ஒங்க பேரச் சொல்லணுமா அண்ணாச்சி?”

மழுப்புகிறான் என்று நினைத்தேன். கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன். “எனக்காக அவகிட்டப் பொய் சொன்னவன் ஒனக்காகவும் சொல்லுவ. இல்லன்னு எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு பாப்பம்.”

அவனுக்குப் புரியவில்லை போல விழித்தான். “அவட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே.”

“என்னத்த?”

“வாசல்ல வண்டிய எடுக்கும்போதே சொன்னேன். மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல, அப்பாதான் முறுக்கியிருக்காவ, நீ கேட்டுக்கிடாதன்னு.”

“அவ என்ன சொன்னா?”

அவன் கொஞ்சம் தயங்கினான். “கரகரன்னு கேட்டப்பவே தெரியும்னா. நெலைச்சட்டத்த நிமித்துத மாதிரி நிமித்தியிருப்பாவன்னா.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “சாவிய இனி ஒளிச்சு வைக்கணும்னா” என்று அதையும் சொன்னான்.

பக்கத்தில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவன் வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தான். நான் வெளியே வந்து வண்டியை எடுத்தேன். ஆற்றுப் பாலத்தில் வரும்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கிட்டார் இரைந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் உன்னிடம், “மரம்னா மழைக்கு அப்படித்தாம்மா” என்றேன். நீ ரசத்தை ஊற்றிக்கொண்டே, “ஆமாப்பா, மழை நின்னா சரியாயிரும்” என்றாய். கண் இமைக்கவில்லை, குரல் மாறவில்லை. ஊரில் இருக்கிறவனை எல்லாம் நான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றியவளைப் பார்க்கவில்லை. உறைப் பையில் சாவி இல்லாததையும் கவனித்திருந்தேன். எப்படிக் கவனித்தேன் என்று கேட்காதே. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம், “ஒனக்குத் தெரியுமா?” என்றேன். எதைப் பற்றி என்றுகூட அவள் கேட்கவில்லை. “சாவி எங்கிட்டதான் இருக்கு. அஞ்சறைப் பெட்டியில கெடக்கு. நீங்க எடுக்காதிய” என்றாள்.

கோயம்புத்தூரில் நேருக்கு நேர் கேட்ட பிள்ளை, இந்தத் தடவை ஏன் கேட்கவில்லை என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்போது உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. என்னைச் சீண்டி விளையாடினாய். இப்போது நீ எனக்குப் பயந்து பேசாமல் இருக்கவில்லை. நான் சிறுமைப்பட்டுவிடக் கூடாது என்று பேசாமல் இருந்தாய். அவனும் அதற்காகத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை வயதுக்கு மேல் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி ஆள் வைத்துப் பாதுகாப்பது எனக்குப் பழக்கமில்லை. இனிமேல் நான் தப்புச் செய்தால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், இரண்டு பேரும். கத்துவேன். பிறகு கடைக்குப் போய்விடுவேன். அவ்வளவுதான் நடக்கும்.

நான் பார்க்கப் போனது அவன் பொய் சொல்கிறவனா என்பதை. சொல்கிறான், நன்றாகவே சொல்கிறான். ஆனால் அதை உன்னிடம் ஒரு ராத்திரிகூட மறைத்து வைத்திருக்கவில்லை, வாசல்படி தாண்டுவதற்குள் கொட்டிவிட்டான். எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணமாகி எவ்வளவோ காலம் ஆயிற்று. அவளிடம் நான் சொல்லாத வியாபார விஷயங்கள் எத்தனையோ உண்டு. அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் சொன்னதில்லை. அந்த வகையில் அவன் என்னைவிட மேல். இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். என்னிடமிருந்து எதை வேண்டுமானாலும் ஒளித்துக்கொள்ளுங்கள், அவனுடைய அம்மாவிடமிருந்தும் ஒளித்துக்கொள்ளுங்கள். ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் மட்டும் வேண்டாம்.

எனக்குச் சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பசி நேரத்தில் அவன் எப்படி இருப்பான் என்று நான் பார்க்கவில்லை. அவன் அப்பா முன்னால் குரல் எப்படி வரும் என்று தெரியாது. வேலை போனால் என்ன செய்வான் என்று தெரியாது. அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன், உங்களுக்குப் பிள்ளை பிறந்த பிறகும். நீ அதைப் பார்க்க வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு சந்தேகக்காரன் போதும்.

வரச் சொல். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வரட்டும். மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான் என்று அம்மா சொல்கிறாள்.

இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டாதே. காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவனைப் பற்றி நினைத்ததில் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

அப்பா